அந்த ஸ்கூட்டர் எவ்வளவு தூரத்தில் வந்தது? டேஷ்கேம் பதிவில் சிக்கிய வேன் ஓட்டுநருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46. பத்தொன்பது ஆண்டுகளாக வாகனம் ஓட்டுபவர். இப்போது ஒரு நூற்பாலைக்கு ஊழியர்களை ஏற்றிச்செல்லும் வேனை ஓட்டுகிறார். மார்கழி மாதத்து விடியலில், இருள் முழுதாகப் பிரியாத ஆறு இருபது மணி அளவில், இருவழிச் சாலையில் தேங்காய் மட்டை ஏற்றிச் சென்ற டிராக்டர் ஒன்றை ஓவர்டேக் செய்திருக்கிறார். எதிரே ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். யாரும் யாரையும் உரசவில்லை, யாருக்கும் காயம் இல்லை, இரு தரப்பும் நிற்காமல் போய்விட்டார்கள். அன்று மாலையே, வேனுக்குப் பின்னால் வந்த ஒரு காரின் டேஷ்கேமில் (காருக்குள் சாலையைப் பார்த்தபடி பொருத்தும் கேமராவில்) பதிவான 11 வினாடிக் காட்சி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. அதில் வேனும் ஸ்கூட்டரும் இருக்கும் பகுதி பெரிதாக்கப்பட்டு, கடைசி நான்கு வினாடி மெதுவாக மறுபடி ஓடுகிறது. கீழே "வேண்டுமென்றே மோத வந்த கம்பெனி வேன்" என்று எழுதியிருக்கிறது. ஆலை நிர்வாகம் "பிரச்சினை தீரும்வரை வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டது. காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருமாறு நோட்டீஸ் வந்திருக்கிறது.

வேனிலும் ஒரு டேஷ்கேம் உண்டு. அதன் பதிவில் ஸ்கூட்டர் வெகு தொலைவில் ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது என்றும், ஆகவே தன் மேல் தவறே இல்லை என்றும் வாசகர் உறுதியாக நம்புகிறார். மோதல் நடக்காதபோது வழக்குப் போட முடியுமா, தன் பதிவை அதே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுப் பதிலடி கொடுக்கலாமா, எதிர்த்தரப்புக் காட்சி போலி என்று சொல்லலாமா, கார்க்காரர் மீது அவதூறு வழக்குப் போடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செய்யாத கொலை முயற்சிக்கு ஊரே தீர்ப்பு எழுதிவிட்ட மனிதரின் வேதனை அதில் தெரிகிறது. அந்தக் காட்சியை மட்டும் வைத்து உங்களைக் குற்றவாளி என்று முடிவு செய்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் காட்சியை மட்டும் வைத்து நீங்கள் குற்றமற்றவர் என்று முடிவு செய்வதும் அதே அவசரம்தான். இரண்டு கேமராக்களும் தூரத்தைத் திரித்துக் காட்டுகின்றன; ஒன்று உங்களுக்கு எதிராக, மற்றது உங்களுக்குச் சாதகமாக. இதை நீங்கள் விசாரணைக்குப் போவதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மோதவில்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகாது

முதலில் இந்தத் தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 184 ஆபத்தாக வாகனம் ஓட்டுவதையே குற்றமாக்குகிறது. விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட விளக்கம், சட்டத்துக்கு முரணாகப் பிற வாகனங்களை முந்துவதைப் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2023இன் பிரிவு 281, மனித உயிருக்கு ஆபத்து நேரும்படி பொதுச் சாலையில் கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ வாகனம் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதற்கும் காயம் நேர்ந்திருக்கத் தேவையில்லை. அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். நோட்டீஸைப் பார்த்ததும் கைதாகிவிடுவோம் என்று நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் "எதுவும் நடக்கவில்லையே சார்" என்ற ஒற்றை வரியோடு காவல் நிலையத்துக்குப் போகவும் வேண்டாம்.

டிராக்டர்காரர் கை காட்டியதால்தான் முந்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சாலைகளில் அது வழக்கம்தான். என்றாலும், எதிரே வருபவருக்கு இடைஞ்சல் இல்லாமல் முந்த முடியுமா என்று பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு முந்துபவருடையது; முன்னால் போகிறவர் கை அசைத்ததால் அந்தப் பொறுப்பு அவர் தலைக்கு மாறிவிடாது. அந்தச் சைகை உங்கள் எண்ணம் கெட்டதல்ல என்பதைக் காட்ட உதவும். வேண்டுமென்றே செய்ததாகக் குற்றம் சாட்டும்போது அது பயனற்றதல்ல. ஆனால் அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றாதீர்கள்.

பின்னால் வந்த காரின் கேமரா எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை

அந்தக் கார் முந்தாமல் டிராக்டருக்குப் பின்னாலேயே வந்தது. நீங்கள் வலப்பக்கம் ஏறி முந்தினீர்கள். ஆகவே அதன் கேமரா சாலையை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள இடைவெளியை, அந்தக் கோட்டின் முனையில் இருக்கும் கேமராவால் காட்ட முடியாது. வேன் பெரியது, ஸ்கூட்டர் சிறியது. வேன் வலப்பக்கத்தில் இருக்கும்வரை ஸ்கூட்டர் அதன் மறைவில்தான் இருந்திருக்கும். நீங்கள் இடப்பக்கம் ஒதுங்கி டிராக்டருக்கு முன்னால் மறைந்ததும், நீங்கள் இருந்த அதே இடத்திலிருந்து ஸ்கூட்டர் முளைத்து வருவதுபோல் காட்சியில் தெரிகிறது. பார்ப்பவர் மனம், "மயிரிழையில் தப்பினார்" என்று தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஸ்கூட்டர் அப்போது பத்து மீட்டரில் இருந்திருந்தாலும் ஐம்பது மீட்டரில் இருந்திருந்தாலும் படம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஸ்கூட்டரின் உருவம் எத்தனை பெரிதாகத் தெரிகிறது என்பதில் மட்டும்தான் வித்தியாசம் இருக்கும், அதையும் பெரிதாக்கல் கெடுத்துவிட்டது.

பெரிதாக்குவது சிறிய விஷயமல்ல. ஒரு காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் திரை நிறையக் காட்டினால், தொலைநோக்கியில் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாகத் தோன்றும். கிரிக்கெட் ஒளிபரப்பில் 20 மீட்டர் நீள ஆடுகளம் பந்துவீச்சாளரின் முதுகுக்குப் பின்னிருந்து பார்க்கும்போது நான்கு எட்டு வைத்தால் கடந்துவிடலாம் போலத் தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே விளைவு இங்கும். அதோடு, வெட்டிய பகுதிக்கு வெளியே இருந்தவை, அதாவது டிராக்டரின் முன்பகுதி, டிராக்டர்காரர் கை அசைத்தது, சாலையோர மின்கம்பங்கள் எல்லாம், பார்ப்பவருக்குக் கிடைக்காமல் போயின.

அடுத்தது விடியல் வெளிச்சம். 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதி. மங்கிய ஒளியில் கேமரா கிடைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிப் பதிவு செய்யும். அப்போது எதிரே வரும் விளக்கு, வாகனத்தைவிடப் பெரிய வெள்ளைத் திட்டாகப் பரவி, சட்டென்று பாய்வதுபோல் பதிவாகும். உங்களைப் பற்றிய கிளிப்பில் "ஒரு மின்னல் மாதிரி வருகிறது" என்று நீங்களே எழுதியிருப்பது இதுதான் என்று எண்ணுகிறேன்.

இந்த இடத்தில், வழக்கறிஞர்கள் அடிக்கடி எடுத்துப் பேசும் ஓர் அமெரிக்க வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்காட் எதிர் ஹாரிஸ் என்ற அந்த வழக்கில், ஜார்ஜியா மாநிலத்தில் 2001இல் நடந்த ஓர் இரவுநேரத் துரத்தலைக் காவல் வாகனத்தின் டேஷ்கேம் பதிவு செய்திருந்தது. 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், தப்பியோடியவர் பொதுமக்கள் உயிருக்குப் பேராபத்து விளைவித்தார் என்பதைப் பதிவே சொல்கிறது என்று கருதினார்கள். ஒன்பதாவது நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் மட்டும் அதே பதிவைப் பார்த்து மாறுபட்டார். மின்னல்போலவும் வெடிப்புபோலவும் தெரிந்த ஓரிரு காட்சிகள் சக நீதிபதிகளை மிரட்டிவிட்டன, உண்மையில் அவை எதிர்த்தடத்தில் கடந்துபோன வாகனங்களின் முகப்பு விளக்குகள்தாம் என்று எழுதினார். பின்னர் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் 1,350 அமெரிக்கர்களுக்கு அந்தப் பதிவு காட்டப்பட்டது. பெரும்பான்மையோர் எட்டு நீதிபதிகளின் பக்கமே நின்றாலும், யார் என்ன பின்னணியிலிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பார்வை பிரிந்தது. நாட்டின் உயர்ந்த நீதிபதிகளுக்கே இப்படியென்றால், வாட்ஸ்அப்பில் 11 வினாடி பார்த்தவர்கள்மேல் நீங்கள் முழுக் கோபத்தையும் கொட்ட வேண்டியதில்லை.

மெதுவாக ஓட்டிக் காட்டியதற்கு வருகிறேன். ஒரு செயலை மெதுவாக்கிக் காட்டும்போது, செய்தவர் யோசிக்க நிறைய நேரம் இருந்தது என்ற உணர்வு பார்ப்பவருக்கு வந்துவிடுகிறது, அதனால் வேண்டுமென்றே செய்தார் என்று எண்ணுவது கூடுகிறது என்று 2016இல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது. "வேண்டுமென்றே" என்ற சொல் அந்தக் கிளிப்பில் எழுத்தாக மட்டும் இல்லை. ஓட்டும் வேகத்திலேயே இருக்கிறது. விசாரணை அதிகாரியிடம் உங்கள் வழக்கறிஞர் அமைதியாக எடுத்துச்சொல்ல வேண்டிய செய்தி இது.

உங்கள் கேமராவும் உங்களுக்காகச் சற்று மிகைப்படுத்துகிறது

இனி நீங்கள் கேட்க விரும்பாததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டேஷ்கேம்களில் இருப்பது மிக அகன்ற கோணத்தைப் பிடிக்கும் லென்ஸ். 140 பாகை, 170 பாகை என்றெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். இவ்வளவு அகலத்தைச் சிறிய சட்டத்துக்குள் அடக்கினால், நடுவில் இருப்பவை சுருங்கித்தான் ஆக வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள கைபேசித் திரையைப் படுக்கைவாட்டில் ஓர் அடி தூரத்தில் பிடித்துப் பார்த்தால், அது உங்கள் கண்ணுக்கு முன் ஏறத்தாழ 28 பாகையை மட்டுமே நிரப்பும். நூறு பாகைக்கு மேற்பட்ட உலகம் 28 பாகைக்குள் அடைபடும்போது, எதிரே வரும் ஸ்கூட்டர் உண்மையில் இருந்ததைவிடப் பல மடங்கு தொலைவில் இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் டேஷ்கேம் பதிவுகளில் எதிர்வரும் வாகனம் வெகுநேரம் புள்ளியாகவே இருந்துவிட்டு, கடைசி ஒரு வினாடியில் ஊதிப் பெருத்துப் பக்கத்தில் பாய்ந்து மறைகிறது. நீங்கள் அன்று ஓட்டுநர் இருக்கையில் உங்கள் இரு கண்களால் பார்த்த ஸ்கூட்டர், அந்தப் பதிவில் உள்ள புள்ளியைவிடக் கட்டாயம் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவை முப்பது நாற்பது முறை பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தனை முறை பார்த்தபின், உங்கள் நினைவில் இருப்பது அந்த விடியற்காலையா, திரையில் பார்த்த காட்சியா என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்றே ஒரு தாளை எடுத்து, டிராக்டருக்குப் பின்னால் எத்தனை நேரம் போனீர்கள், எப்போது முடிவெடுத்தீர்கள், ஸ்கூட்டரை முதலில் கண்டபோது மனத்தில் என்ன தோன்றியது, கால் எந்தப் பெடலில் இருந்தது என்பதை, பதிவைப் பார்க்காமல், தெரிந்தவரை மட்டும் எழுதி வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், "அந்தப் பெண் மண் ஓரத்தில் இறங்கிச் சென்றார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. லென்ஸ் தூரத்தைச் சுருக்கலாம், நீட்டலாம். தார்ச்சாலையில் போகும் ஒருவரை மண்ணில் இறக்க லென்ஸால் முடியாது. நீங்கள் இடப்பக்கம் திரும்பி முடிப்பதற்கு முன்பே அவர் இறங்கினார் என்றால், உங்கள் வேன் தன் தடத்தில் வருவதைக் கண்டு அஞ்சி விலகினார் என்று பொருள்; எந்தக் கேமரா விளக்கமும் அதை அழிக்காது. நீங்கள் திரும்பி முடித்த பின் இறங்கினார் என்றால், டிராக்டரின் அகலத்துக்கும் மட்டைக் குவியலுக்கும் ஒதுங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. எது முதலில், எது பின்னால் என்ற வரிசையை டேஷ்கேம் நேர்மையாகச் சொல்லும்; அதைச் சொல்வதற்குத்தான் அது பயன்படும். அந்த இரண்டு கணங்களும் உங்கள் பதிவில் மட்டுமே இருக்கின்றன, ஏனென்றால் பின்னால் வந்த கேமராவுக்கு நீங்கள் திரும்பி முடித்ததை டிராக்டர் மறைத்துவிட்டது.

கண்ணால் மதிப்பிடாமல் டேப்பால் அளந்து பாருங்கள்

நல்ல செய்தி என்னவென்றால், திரிந்து தெரியும் பதிவிலிருந்தும் உண்மையான தூரத்தையும் வேகத்தையும் கணிக்க வழி இருக்கிறது. டேஷ்கேம் பதிவு பெரும்பாலும் வினாடிக்கு 30 படங்கள் கொண்டது. உங்கள் கோப்பின் விவரங்களில் அது 25ஆ 30ஆ என்று முதலில் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் மறுசுருக்கத்தில் படங்கள் விட்டுப்போகும்.

சாலையோரத்தில் அடுத்தடுத்த இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரத்தை டேப் வைத்து அளந்து, வேன் அவற்றைக் கடக்க எத்தனை படங்கள் ஆயின என்று எண்ணுங்கள். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன்: கம்பங்களுக்கு இடையே 35 மீட்டர், கடக்க 54 படங்கள் என்றால், 1.8 வினாடி, வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். பதிவின் மூலையில் ஓடும் வேக எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஜி.பி.எஸ். தரும் அந்த எண், வேகம் கூடும்போதும் குறையும்போதும் உண்மையான வேகத்துக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். எதிர்த்தரப்புக் கிளிப்பின் மூலையில் உள்ள எண் அந்தக் காரின் வேகம். குழுக்களில் பலர் அதை உங்கள் வேகம் என்று எண்ணி வாதாடியிருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பிறகு, உங்கள் வேன் நடுக்கோட்டைக் கடந்து முழுதாக இடத்தடத்துக்கு வந்த படத்திலிருந்து, ஸ்கூட்டர் உங்களைக் கடந்த படம் வரை எண்ணுங்கள். மேற்சொன்ன உதாரணத்தில் ஸ்கூட்டர் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததாகக் கொண்டால், இருவரும் நெருங்கும் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டருக்குச் சற்று மேல். இடையில் 36 படங்கள் இருந்தால் 1.2 வினாடி, இடைவெளி ஏறத்தாழ 37 மீட்டர். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் நீளம் என்று கேட்டால் தாராளமாகத் தோன்றும். ஆனால் சாலை வடிவமைப்பில் ஓர் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே இரண்டரை வினாடி ஒதுக்குவது, சாலை அமைப்புக்கான தரநெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறி. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது அதில் பாதியும் இல்லை. இப்படி ஒரு கணக்கு வந்தால், "மயிரிழை" என்ற குற்றச்சாட்டு பொய்யாகும்; "வெகு தொலைவு" என்ற உங்கள் வாதமும் கூடவே விழுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உங்கள் உண்மை இருக்கும் என்பது என் கணிப்பு. அதை நீங்களே முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இதைவிட எளிதான, யாரும் கண்ணால் பார்த்து ஏற்கக்கூடிய சோதனை ஒன்றும் இருக்கிறது. அதே கேமராவை, அதே வேனில், அதே இடத்தில், அதே அமைப்பில் வைத்து, ஒரு திறந்த மைதானத்தில் அதே வகை ஸ்கூட்டரை 20, 40, 60, 80 மீட்டரில் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். அன்றைய பதிவில் நீங்கள் இடப்பக்கம் திரும்பி முடித்த படத்தில் ஸ்கூட்டர் எத்தனை உயரம் தெரிகிறது என்பதை இந்தப் படங்களோடு ஒப்பிட்டால், எந்தத் தூரத்துக்கு அது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். விளக்கின் ஒளிப்பரவலை அளக்காமல் வாகனத்தின் உருவத்தை அளக்க வேண்டும். தயவுசெய்து இதைச் சம்பவம் நடந்த சாலையில் செய்ய வேண்டாம். தடயவியல் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இதைச் செய்து அறிக்கை தந்தால் அதன் மதிப்பு வேறு. செலவு தாங்காது என்றால் நீங்களே செய்து பார்த்தாலும் உங்கள் நிலை என்ன என்பது உங்களுக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் தெளிவாகும்.

பதிவுகளை எப்படிக் கையாள்வது

மெமரி கார்டை இன்றே கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். டேஷ்கேம் பழைய பதிவுகளின் மேலேயே புதியவற்றை எழுதிக்கொண்டு போகும். மோதலின் அதிர்வு இருந்தால்தான் அது ஒரு கோப்பைத் தானாகப் பூட்டி வைக்கும், மோதாத சம்பவத்துக்கு அந்தக் காப்பு இல்லை. கார்டை உறையில் இட்டு, தேதி எழுதி, இருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு வையுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் பாதகமாகத் தெரியும் பகுதியை நீக்கிவிடலாம் என்று நண்பர் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சாட்சியமாகக் கோரப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனியே ஒரு குற்றம், இப்போது உங்கள்மேல் உள்ளதைவிடக் கனமான குற்றம்.

எதிர்த்தரப்புக் காட்சியைப் போலி என்று சொல்லாதீர்கள். வெட்டியதும் பெரிதாக்கியதும் மெதுவாக்கியதும் போலியாக்கம் ஆகாது. நடந்த ஒன்றைத்தான் அது காட்டுகிறது. போலி என்று சொல்லிவிட்டு அசல் வந்து நின்றால் உங்கள் மற்ற சொற்களும் எடுபடாமல் போகும். மாறாக, வெட்டப்படாத அசல் கோப்பைக் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 2023இன் பிரிவு 63இன்படி, மின்னணுப் பதிவின் நகல் நீதிமன்றத்தில் ஏற்கப்பட வேண்டுமானால் அட்டவணையில் உள்ள படிவத்தில் சான்றிதழ் வேண்டும். அதில் பதிவை வைத்திருந்தவர் ஒரு பகுதியையும் வல்லுநர் ஒரு பகுதியையும் நிரப்பி, கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டையும்) குறிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்கு இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் சொன்னது. வாட்ஸ்அப்பில் பலர் கைமாறி வந்த 11 வினாடிக்கு இந்தச் சோதனையைத் தாண்டுவது மிகவும் கடினம். ஆனால் அதை நம்பி நிம்மதியடைய வேண்டாம். கார்க்காரர் தன் கேமராவையும் கார்டையும் கொண்டுவந்து சாட்சி சொன்னால் நிலைமை மாறிவிடும்.

அந்தக் கிளிப்பை வைத்து நேரடியாகச் சலான் அனுப்பிவிட முடியுமா என்ற அச்சம் உங்களுக்கு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, டேஷ்போர்டு கேமராவையும் மின்னணு அமலாக்கக் கருவியாக ஏற்கிறது; ஆனால் அதற்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்றிதழ் தேவை. தனியார் காரில் உள்ள கேமரா அந்த வகையில் வராது. அது ஒரு புகாருக்கான ஆதாரம் மட்டுமே.

உங்கள் பதிவைக் குழுக்களில் போட வேண்டாம் என்பதற்குக் காரணம் இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். அதை யாராவது பெரிதாக்கி, ஸ்கூட்டர் மண்ணில் இறங்கும் கணத்தை மெதுவாக்கி மறுபடி சுற்றவிட்டால், அதற்கு ஆயுதம் கொடுத்தவர் நீங்களாக இருப்பீர்கள். ஸ்கூட்டரின் எண்ணும் அந்தப் பெண்ணின் முகமும் ஊர் முழுக்கத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவரைத் தேடிப்போய்ப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது நல்லெண்ணத்தால்தான். இருந்தாலும் இப்போது போனால் சாட்சியைக் கலைக்க வந்ததாக ஆகிவிடும். அவர் என்ன கண்டார், என்ன உணர்ந்தார் என்பது எந்தக் கேமராவையும்விட முக்கியமான சாட்சியம். அவரிடம் வாக்குமூலம் பெறுமாறு நீங்களே காவல்துறையைக் கேட்கலாம்.

வேலை, உரிமம், அவதூறு

நிர்வாகம் வாய்மொழியாக நிறுத்தி வைத்ததை ஏற்றுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். சில வாரம் கழித்து நீங்களாகவே வேலைக்கு வரவில்லை என்று பதிவு செய்யப்படலாம். வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், நிறுத்தி வைப்பதானால் எழுத்தில் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். விசாரணை நிலுவையில் தற்காலிகப் பணிநீக்கம் என்றால் பிழைப்பூதியம் (நிறுத்தி வைக்கப்பட்ட காலத்தில் தரும் குறைந்த ஊதியம்) கேட்கும் உரிமை உங்களுக்கு வரும். நீங்கள் ஆலையின் நேரடி ஊழியரா ஒப்பந்ததாரரின் ஆளா என்பதை நியமனக் கடிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதன் நகலை உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 19இன் கீழ் உரிமம் வழங்கும் அதிகாரி நடவடிக்கை எடுப்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

அவதூறு வழக்கைப் பற்றி: "வேண்டுமென்றே மோத வந்த" என்ற வாசகம் உண்மைக்கு மாறானது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356இன் கீழ் நீங்கள் நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம், அதற்கு மூன்றாண்டுக் காலம் இருக்கிறது. ஆனால் முதலில் உங்கள் அளவீடு முடியட்டும். அந்தக் கார்க்காரர் தான் கண்டு பதறியதை நல்லெண்ணத்தோடு பகிர்ந்திருக்கலாம், தலைப்பை வேறொருவர் ஒட்டியிருக்கலாம். யார் எதைச் செய்தார் என்று தெரியாமல் ஒருவரைக் குறிவைத்தால், நீங்கள் பட்ட அதே அநீதியை இன்னொருவர் படுவார்.

விசாரணை நோட்டீஸில் உள்ள தேதி அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் அளவீடு முடியாவிட்டால், ஒரு வழக்கறிஞர் மூலம் பத்து நாள் அவகாசம் கேட்டு எழுத்து மூலம் மனு கொடுங்கள். எந்தப் பதிலும் தராமல், விசாரணைக்கும் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். போகும்போது கார்டை உறையோடு கொண்டுசெல்லுங்கள், ஒப்படைத்தால் மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) நகலும், கோப்பின் ஹேஷ் மதிப்பு குறிக்கப்பட்ட ரசீதும் பெறாமல் வராதீர்கள். தூரம் எவ்வளவு என்று கேட்டால், அளந்த எண் கையில் இருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள். இல்லையென்றால், அளக்கவில்லை, அளந்து தருகிறேன் என்று சொல்லுங்கள். அந்தப் பெண் மண் ஓரத்தில் இறங்கினாரா என்று கேட்டால், இறங்கினார் என்றே சொல்லுங்கள்.